கணவர் பெயருக்கு ஒரு கட்டம்

பிப்ரவரி 4, செவ்வாய்

அப்பாவுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். அதனால்தான் எழுதுகிறேன். அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தால் செல்போன் வெளிச்சம் வாசலுக்குத் தெரியாது.

இந்த நோட்டு பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் எனக்குக் கிடைத்த பரிசு. அப்பாவிடம் கணக்கு நோட்டு என்று சொல்லியிருக்கிறேன். அக்கா பத்தாவது படித்தபோது அவள் நோட்டுக்குள் ஒரு பையன் எழுதிய கடிதம் இருந்தது. அப்பா அந்த நோட்டை அடுப்பில் போட்டார். அக்காவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கொஞ்ச நாளிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார். நானும் இப்போது பத்தாவது. என் நோட்டில் யாருடைய கடிதமும் இல்லை. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்று எங்கள் வீட்டில் செவ்வந்தி மகளிர் குழுவின் கூட்டம். பதினான்கு பேரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அம்மா தலைவி. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். இப்போது லூர்து சித்தி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். குழுவின் தீர்மான நோட்டை எழுதுவது நான்.

லூர்து சித்தி சொந்தச் சித்தி இல்லை. உப்புப் பாத்தியில் அம்மாவுக்கு ஜோடி. உப்புச் சட்டியைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருத்தி பிடித்துத் தூக்கிவிட வேண்டும். பதினோரு வருடமாக அம்மாவுக்கு அவளும் அவளுக்கு அம்மாவும் தூக்கிவிடுகிறார்கள். சித்தியின் வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன் நிலக்கரி கம்பெனியில் கரி ஏற்றும் பெல்ட்டில் சிக்கி இறந்துபோனார்.

சித்திதான் இன்று ஆரம்பித்தாள்.

"நம்ம பாத்திக்கு வடக்க கம்பெனிக்காரன் ரெண்டாவது யூனிட்டு கட்டுதாம்லா, அங்கன பெரிய போர்டு வச்சிருக்கான். கடன் குடுத்த பேங்க் பேரெல்லாம் கீழ எழுதியிருக்கு. மூணாவது பேரு எது தெரியுமா? தென்முனை வங்கி."

"நம்ம பேங்க்கா?" என்றாள் மாடத்தி பெரியம்மா. "நம்ம துட்ட எடுத்தா அவனுக்குக் குடுத்தான்?"

"பின்ன, மேனேசர் அவரு பொண்டாட்டி போட்டுட்டு வந்த நகைய வித்தா குடுப்பாரு? நாம வாராவாரம் கொண்டு போய்க் கட்டுததத்தான் குடுப்பாரு. அது கரியாப் போயி, தூளா பறந்து வந்து நம்ம உப்பு மேலேயே விழுது."

அது உண்மை. இந்த வருடம் அம்பாரத்தில் குவித்த உப்பு சாம்பல் நிறமாக இருக்கிறது. வியாபாரி எடுக்க மாட்டேன் என்கிறார். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

"நாம எடுத்துட்டா மட்டும் கம்பெனிய இழுத்து மூடிருவானாக்கும்" என்று பேச்சித்தாய் அத்தை சிரித்தாள்.

"மூட மாட்டான். ஆனா எம் புருசன முழுங்குன வாய்க்கு எங்காசு போவ வேண்டாம்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டுறவு வங்கிக்குக் கணக்கை மாற்றுவது என்று முடிவானது. அங்கே உப்பு, ஆடு, வலை, நகை இதற்குத்தான் கடன் கொடுப்பார்களாம்.

எல்லோரும் போன பிறகு அம்மா சொன்னாள்: "காரணம் கீரணம் ஒண்ணும் எழுதாண்டாம்ட்டி. கணக்க முடிக்கோம், அவ்வளவுதான். நம்ம வீட்டு ஆம்பளைய எல்லாம் அங்கதான் வேல பாக்காவ."


பிப்ரவரி 5, புதன்

கடிதம் எழுதிவிட்டேன். அழகாக வந்திருக்கிறது.

முதலில் அம்மா சொன்ன மாதிரிதான் எழுதினேன். இரண்டு வரியில் முடிந்துவிட்டது. இரண்டு வரிக் கடிதத்துக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? அதனால் ஒரு பத்தி சேர்த்தேன். "எங்கள் உழைப்பின் சேமிப்பு, எங்கள் உப்பைக் கருப்பாக்கும் நிலக்கரி நிறுவனத்துக்குக் கடனாகப் போவதை நாங்கள் விரும்பவில்லை" என்று எழுதினேன். திருப்பித் திருப்பிப் படித்தேன். கீழே சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டேன். வரிசை எண், உறுப்பினர் பெயர், கையொப்பம். மூன்று கட்டம் மட்டும் போட்டால் தாள் பாதி வெறுமையாக இருந்தது. நடுவில் 'கணவர் பெயர்' என்று ஒன்று சேர்த்தேன். இப்போது நிறைவாக இருக்கிறது.

சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். யாரும் படிக்கவில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். லூர்து சித்தி வீடு கடைசி. அவள் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"புருசமாரு பேரு எதுக்குட்டி? துட்டு பொம்பளைகளுது. அழிச்சிரு. மேல எழுதியிருக்கப் பாரு, அந்தக் காரணம், அதயும் அழிச்சிரு."

"பேங்க்ல கேப்பாங்க சித்தி."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மறுபடி பதிமூன்று வீடு ஏற வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தன் வரிசையில் மட்டும் கணவர் பெயரை எழுத விடவில்லை. "அவுக பேர எழுதுன கடைசித் தாளு ஆஸ்பத்திரியில குடுத்தது. போதும்." அந்த இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.

"காலையில அம்மைட்ட சொல்லி வேற தாள்ல எழுதிரணும், என்ன? நான் நாளைக்கே எல்லாவளயும் பாத்தியில வச்சுக் கையெழுத்துப் போட வைக்கேன்" என்றாள்.

சரி என்றேன்.


பிப்ரவரி 7, வெள்ளி

அம்மாவும் மாடத்தி பெரியம்மாவும் நேற்று பேங்குக்குப் போய்விட்டு வந்தார்கள். காலையில் அம்மா அவசரமாகக் கேட்டாள், அந்தத் தாளையே கொடுத்துவிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது.

மேனேஜர் முதலில் டீ வாங்கிக் கொடுத்தாராம். பிறகு காலண்டர் கொடுத்தாராம். பிறகு, கணக்கை முடிக்க வேண்டாம், தலைவிக்கு ஒரு கிரெடிட் கார்டு தருகிறேன் என்றாராம். அம்மா, "எங்களுக்கு எதுக்கு சார் இந்த அட்டை? ரேசன் அட்டையே கிழிஞ்சு போயி டேப் ஒட்டி வச்சிருக்கோம்" என்றாளாம். மாடத்தி பெரியம்மா இதை நடித்துக் காட்டினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லூர்து சித்திதான் அதிகம் சிரித்தாள்.

கூட்டுறவு வங்கிச் செயலாளர், "கரி கம்பெனிக்கா? எங்ககிட்ட அம்புட்டுத் துட்டு இருந்தா நான் ஏன்மா இந்த ஒடஞ்ச நாற்காலியில உக்காந்திருக்கேன்?" என்று கேட்டாராம்.

அம்மா புது பாஸ்புக்கை சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சித்தி என்னிடம், "அந்த ரெண்டயும் அழிச்சிட்டுத்தான குடுத்த?" என்று கேட்டாள். எனக்கு ரெக்கார்டு நோட்டு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.


பிப்ரவரி 12, புதன்

அப்பா வேலைக்குப் போன அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.


பிப்ரவரி 13, வியாழன்

அப்பா தூங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார். சத்தம் வராமல் பென்சிலால் எழுதுகிறேன்.

கம்பெனி வாசலில் பாஸைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். நேற்று அப்பாவுக்குச் சிவப்பு எரிந்தது. பின்னால் நின்ற மாடத்தி பெரியப்பாவுக்கும் சிவப்பு. ஒன்பது பேருக்கு. ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் தங்கப்பழம் அங்கே நின்றிருந்தாராம். போனில் ஒரு போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டி, ஒவ்வொரு பெயராகப் படித்தாராம். மாடத்தி, கணவர் பெயர் சுடலைமுத்து. பேச்சித்தாய், கணவர் பெயர் ராமர். சந்தனமாரி, கணவர் பெயர் உச்சிமாகாளி. அது அம்மா, அப்பா பெயர். படித்து முடித்துவிட்டு, "உங்க வீட்டம்மாமாருக்கு எங்க கரி ஆகலையாம்லா. பெறகு எங்க கூலி மட்டும் எதுக்குவே?" என்று கேட்டாராம். எல்லோர் முன்னாலும்.

பேங்க் மேனேஜர் அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

அப்பா அம்மாவை இடுப்பு பெல்ட்டால் அடித்தார். அம்மா, "கணக்க மாத்துதோம்னு மட்டும்தான் எழுதச் சொன்னேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சமூக அறிவியல் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தேன். இருபத்தெட்டாம் பக்கம். அவர் நிறுத்தும் வரை இருபத்தெட்டாம் பக்கம்தான்.

பிறகு அப்பா பொதுவாகச் சொன்னார்: "பொட்டப் புள்ளைய எழுதப் படிக்க வச்சேன் பாத்தியா, அதான் தப்பு. பரீச்சையும் வேண்டாம் ஒரு மயிரும் வேண்டாம். பாத்திக்குப் போவட்டும்."

அம்மா இரவு என் காதருகில் வந்து கேட்டாள். "புருசமாரு பேரு அதுல எப்படிட்டி வந்துச்சு?"

எனக்கு நினைவில்லை என்றேன்.


பிப்ரவரி 16, ஞாயிறு

தங்கப்பழம் வீட்டுக்கு வந்தார். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். வாசலில் குழுப் பெண்கள், அவர்கள் வீட்டு ஆண்கள், எல்லோரும். லூர்து சித்தி மட்டும் இல்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை.

"எழுதுன புள்ள எங்க?" என்றார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"நீதானா தாயீ? எழுத்து முத்து முத்தா இருக்கு. எங்க ஆபீஸ்ல இருக்க கம்ப்யூட்டர்கூட இவ்வளவு தெளிவா பட்டியல் குடுக்காது. பேரு தேடுத வேலையே இல்லாம ஆக்கிட்ட. கட்டம் போட்டுல்லா தந்திருக்க."

யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அது அவருடைய சிரிப்பே இல்லை.

தங்கப்பழம் மூன்று நிபந்தனை சொன்னார். கணக்கு பழைய பேங்குக்கே திரும்ப வேண்டும். மன்னிப்புக் கடிதம் வேண்டும். தூண்டிவிட்ட ஆளைக் குழுவிலிருந்து நீக்கித் தீர்மானம் போட வேண்டும்.

"ஏன்னா இது பச்சப் புள்ள. தானா எழுதியிருக்காது. யாரோ பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்திருக்கா. யாரு தாயீ?"

அப்பா என்னைப் பார்த்தார். பெல்ட் அவர் இடுப்பில்தான் இருந்தது. என் ஹால் டிக்கெட் இன்னும் வரவில்லை.

நான் பதில் சொன்னேன்.


பிப்ரவரி 17, திங்கள்

கையெழுத்து வாங்கப் போனபோது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உண்மை. கண்ணாடி போட்டுப் படித்தது உண்மை. குழுவில் அவளுக்குத்தான் படிக்கத் தெரியும் என்பதும் உண்மை. "லூர்து சித்தி" என்று இரண்டு வார்த்தைதான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இன்று தெருக் குழாயடியில் கேட்டது:

"நான் அன்னைக்கே நெனச்சேன். அவ பேருக்கு நேரா மட்டும் கோடுல்லா போட்டிருக்கு!"

"அவளுக்கென்ன, பாஸ் புடுங்குததுக்கு வீட்டுல ஆளா இருக்கு? துணிஞ்சு எழுத வச்சிட்டா."

"தாலியறுத்தவளுக்கு அடுத்தவ கழுத்து கண்ண உறுத்தத்தான செய்யும்."

கடைசியாகச் சொன்னது மாடத்தி பெரியம்மா. சித்தி குடத்தோடு பின்னால் நின்றிருந்தாள். குடம் நிறைவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.


பிப்ரவரி 22, சனி

அம்மா சோறு போடும்போது சொன்னாள். நான் கேட்கவில்லை.

"இன்னைக்கு அவளுக்கு ஒருத்தியும் சட்டி தூக்கி விடல. ஒவ்வொருத்தி மூஞ்சியா பாத்தா."

"நீங்க?"

"நான் பேச்சியோட ஜோடி சேந்துட்டேன்."

சட்டியில் அரைவாசி மட்டும் உப்பு நிரப்பித் தானாகவே தூக்கினாளாம். மற்றவர்கள் ஒரு நடை நடந்தால் அவள் இரண்டு நடை. கணக்குப்பிள்ளை அரை ஆள் கூலிதான் போட்டாராம்.

அம்மாவின் முதுகில் பெல்ட் தடம் இன்னும் இருக்கிறது. சோறு போடக் குனியும்போது தெரிந்தது.


பிப்ரவரி 25, செவ்வாய்

பள்ளி விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் சித்தி நின்றிருந்தாள். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தனியாகத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது போல.

"ஏட்டி சுபி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அழிச்சிருன்னு சொன்னேனா இல்லையா?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல உள்ளவளுகளுக்கு நீ ஒண்ணும் சொல்லாண்டாம். உங்க அப்பனுக்கும் சொல்லாண்டாம், அவன் ஒன்னக் கொன்னுருவான், எனக்குத் தெரியும். உங்க அம்மைட்ட மட்டும் காதுக்குள்ள சொல்லு. சந்தனம் எனக்குத் தூக்கிவிட்டாப் போதும். மத்தவளுக கெடக்காளுக."

"பஸ் வந்துட்டு சித்தி" என்றேன்.

அது எங்கள் ஊர் பஸ் இல்லை. ஆனாலும் ஏறிவிட்டேன். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.


அதே நாள், பிறகு

ஐந்தாம் தேதி எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். நடுவில் பின் அடித்த நோட்டு. அதைக் கிழித்தால் பின்னால் இருக்கும் ஜோடிப் பக்கமும் கழன்று வரும், அப்பா பார்த்தால் எதற்குக் கிழித்தாய் என்பார். சித்தி பேசிய வரியின் மேல் சிவப்பு மையால் அடித்தேன். மறுபடி அடித்தேன். என் எழுத்து அழுத்தமான எழுத்து. இன்னும் படிக்க முடிகிறது.


மார்ச் 1, சனி

அம்மா பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் நான் டியூஷனில் இருந்து வந்தபோது அரிசி டின் நகர்ந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள். வாய்க்குள் முணுமுணுத்தாள். சிவப்பு மை அடித்த இடத்தில் விரல் நின்றது.

"அ... ழி... ச்... சி... ரு."

உலை பொங்கி அடுப்பு அணைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் திருப்பினாள். நான் கதவருகிலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு 'அ' என்றால் எது என்று தெரியாது.

கடைசி வரை படித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எரிச்சிரு" என்றாள். "அப்பா வாரதுக்குள்ள."

நான் பழைய கணக்கு நோட்டு ஒன்றை அடுப்பில் போட்டேன். இது இன்னும் என்னிடம் இருக்கிறது.

நாளைக்குக் குழுக் கூட்டம். அம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். அம்மாதான் தலைவி. அவள் எழுந்து சொல்லிவிடுவாள். பிறகு அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை. பள்ளி இருக்காது. ஆனால் எதையோ இறக்கி வைத்த மாதிரியும் இருக்கிறது.


மார்ச் 2, ஞாயிறு

கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. ஆண்கள் வாசலில் நின்றார்கள்.

முதலில் மன்னிப்புக் கடிதம். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "அறியாமல் செய்த தவறு" என்று சொன்னாள், அப்படியே எழுதினேன். நானாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. கீழே கட்டம் போடச் சொன்னாள். பாஸ் திருப்பிக் கொடுக்க வசதியாக இருக்கும், முன்பு போலவே கணவர் பெயரோடு வேண்டும் என்று தங்கப்பழம் சொல்லி அனுப்பியிருந்தார். பதிமூன்று வரிசை போட்டேன்.

லூர்து சித்தி தானாகவே வந்தாள். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தீர்மான நோட்ட எடு" என்றாள். "எழுது. குழுவோட பேரக் கெடுத்து, சின்னப் புள்ளையத் தப்பா எழுத வச்ச குத்தத்துக்காக, லூர்தம்மாள இன்னையில இருந்து குழுவ விட்டு நீக்குதோம். இத முன்மொழியுதது, தலைவி சந்தனமாரி."

எழுதினேன். பேனா ஓடியது. என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீக்கப்படுகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது குழுவின் விதி. அதைப் போன வருடம் எழுதியதும் நான்தான். நோட்டை சித்தியிடம் கொண்டுபோனேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எப்போதும் போல மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"சந்தனம், நீ இதப் படிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசாப் படிச்சேன்" என்றாள் அம்மா. அவள் சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாத்தயும் படிச்சிட்டேன். நீதான சொல்லிக்குடுத்த."

சித்தி அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி அம்மாவை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"பேனாவ குடு" என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். கோணாமல், கோட்டின் மேலேயே போட்டாள்.


மார்ச் 5, புதன்

அப்பாவுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பேக்கரியில் மக்ரூன் வாங்கி வந்தார். எனக்கு இரண்டு கொடுத்து, "பரீச்ச நல்லா எழுதணும், என்ன?" என்றார்.

ஒன்பது பேரில் ஆறு பேருக்குத்தான் பாஸ் வந்தது. மாடத்தி பெரியப்பாவுக்கு வரவில்லை. ஆள் நிறைந்துவிட்டதாம். மாடத்தி பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். லூர்து சித்தி வீட்டுப் பக்கம் திரும்பி நின்று தூற்றினாள்.

குழுவின் கணக்கு பழைய பேங்குக்கே போய்விட்டது. மேனேஜர் இந்தமுறை டீ வாங்கித் தரவில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தக் கிரெடிட் கார்டைக் கொடுக்க எழுதி வாங்கிக்கொண்டாராம். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.


மார்ச் 11, செவ்வாய்

கார்டு தபாலில் வந்தது. நீலநிறம், ஓரத்தில் ஒரு பச்சை இலை படம் போட்டிருக்கிறது. சந்தனமாரி என்று ஆங்கிலத்தில் புடைத்திருக்கிறது. அதில் கணவர் பெயர் இல்லை. அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அரிசி டின்னுக்குள் போட்டாள்.

ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது.


மார்ச் 15, சனி

அப்பா பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார். பேச்சித்தாய் அத்தைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு ஜோடி இல்லை. விடுமுறைதானே, ஒரு நாள் வந்து தூக்கிவிடு என்று என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படிக்கப் புத்தகமும் எடுத்துக்கொண்டேன்.

வடக்கே இரண்டாவது யூனிட்டுக்குத் தூண் எழும்பிவிட்டது. அந்த போர்டு பாத்தியில் இருந்தே தெரிகிறது. காற்று அங்கிருந்துதான் வந்தது. பதினொரு மணிக்குள் என் புத்தகத்தின் மேல் கருப்பாகப் படிந்துவிட்டது. ஊதினால் போகவில்லை.

அம்மா சட்டியை நிரப்புவாள். நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிடுவேன். அவள் வரப்பில் நடந்துபோய் அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருவாள். ஏழெட்டு நடை அப்படிப் போனது.

அடுத்த பாத்தியில் லூர்து சித்தி. கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். அரைச் சட்டி, அரைச் சட்டியாக ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒருதரம்கூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நடுமதியம் என்ன நினைத்தாளோ, சட்டியை விளிம்பு வரை நிரப்பினாள். இழுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள். நேராக என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தூக்கி விடு."

மற்ற பாத்திகளில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் குனிந்தேன். சட்டியின் விளிம்பு சூடாக இருந்தது. கையை வைத்துவிட்டேன்.

"சுபி" என்றாள் அம்மா. அம்பாரத்தில் இருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். "கைய எடு. வெயில்ல உப்பு பட்டா உள்ளங்கை வெடிச்சிரும். பரீச்ச இருக்குல்லா. அது எழுதுத கை."

நான் எடுத்துவிட்டேன்.

சித்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மாவைப் பார்த்தாள். "ஆமா சந்தனம்" என்றாள். "எழுதுத கைதான்."

சட்டியைச் சாய்த்து உப்பில் பாதியை வரப்பிலேயே கொட்டினாள். மீதியைத் தானாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சாய்ந்த கழுத்தோடு நடந்தாள். கொட்டிய உப்பு என் காலடியில் கிடந்தது. மேலே மட்டும்தான் கருப்பு. காலால் விலக்கிப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது.

அம்மா வெறும் சட்டியை என் முன்னால் வைத்தாள். அதில் உப்பை வாரி நிரப்பினாள்.

"ம், புடி" என்றாள்.

பிடித்துத் தூக்கிவிட்டேன்.